பின் ஹீட்டரில் குளிர்காற்று: கன்வெர்ஷன் வேனில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

முன் சீட்டில் இருப்பவர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார். பின்னால் இருப்பவர்கள் போர்வையை விடவில்லை. பின் ஹீட்டரின் விசிறி சுற்றுகிறது, காற்றும் நன்றாக வருகிறது, ஆனால் வருவது குளிர்காற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும், உள்ளே வீடுபோல் மாற்றியமைத்த பழைய கன்வெர்ஷன் வேன் வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் குளிர்காலம் தொடங்கியதும் வரும் தலைவலி இது. பெரும்பாலும் பழுது சின்னதுதான். ஆனால் தேடும் இடம் தவறினால், பின்சுவர்ப் பலகைகளை எல்லாம் பிரித்து ஹீட்டர் கோரையே மாற்றிய பிறகும் அதே குளிர்காற்றுதான் வரும். அதனால் ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றுவதற்கு முன்னால் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், ஹீட்டரைப் பொருத்தியது யார்?

ஃபோர்டு எகனோலைன், செவ்ரலே எக்ஸ்பிரஸ், ஜிஎம்சி சவானா, டாட்ஜ் ராம் வேன் இவையெல்லாம் கம்பெனியிலிருந்து வெறும் கூடாகவோ அரைகுறை உள்வேலையோடோ வெளியே வந்தவை. இண்டியானாவின் வார்சாவில் இருக்கும் எக்ஸ்ப்ளோரர் வேன் கம்பெனி, ஃப்ளோரிடாவின் ஒகாலாவில் இருந்த மார்க் III போன்ற மாற்றியமைக்கும் நிறுவனங்கள்தான் அதற்குள் சோஃபா, மரப்பலகை, உயர்ந்த கூரை, விளக்கு எல்லாம் வைத்து வீடாக்கின. எனவே பின் ஹீட்டர் இரண்டு வகையாக இருக்கலாம். வண்டிக் கம்பெனியே வைத்தது ஒன்று: அது பெரும்பாலும் பின்பக்கச் சுவருக்குள், ஏசியோடு ஒரே பெட்டியில் இருக்கும். மாற்றியமைத்தவர்கள் வைத்தது இன்னொன்று: சோஃபாவுக்கோ சீட்டுக்கோ அடியில் தனிப் பெட்டி, தனி ஸ்விட்ச், தனி ஃப்யூஸ், எங்கிருந்தோ வாங்கிய ஒரு வால்வு.

முதல் வகைக்கு ரிப்பேர் மேனுவலில் படம் உண்டு. இரண்டாவது வகைக்கு வண்டிக் கம்பெனியின் மேனுவலில் ஒரு வரி கூட இருக்காது. டாட்ஜ் ராம் வேன் 2003-லேயே நின்றுவிட்டது. எகனோலைனின் முழு வேன் வடிவம் 2014 மாடலோடு நின்றது. இன்று கைக்கு வருகிற வண்டி பல கைகள் மாறி வந்தது, ஒவ்வொரு கையும் ஏதாவது ஒரு குழாயை வெட்டி ஒட்டியிருக்கும். படத்தை நம்புவதைவிட, டார்ச் எடுத்துக்கொண்டு பானட்டிலிருந்து பின்சக்கரம் வரை குழாய் போகும் வழியைக் கண்ணால் பார்த்துவிடுவதே மேல்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. எஞ்சினில் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பானட்டுக்குள் ஒரு டீ ஜாயின்டில் பிரிகிறது. ஒரு கிளை முன் ஹீட்டருக்கு. இன்னொரு கிளை வண்டியின் அடியில் நீளமாகப் போய்ப் பின் ஹீட்டர் கோருக்குள் நுழைந்து, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது. கோர் என்பது சின்ன ரேடியேட்டர். அதன் வழியே ப்ளோயர் காற்றை ஊதுகிறது. குளிர்காற்று வருகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று: சுடுநீர் கோருக்கு வந்து சேரவில்லை, அல்லது காற்று கோரின் வழியாகப் போகவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

பாதுகாப்பு முதலில். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ டேங்க் மூடியையோ எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதை மூடிய கராஜுக்குள் செய்யாதீர்கள்; வெளியே பனி குவிந்திருந்தால் சைலன்சர் குழாயின் வாயை அது அடைக்காமல் பாருங்கள். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு அல்லது சாய்தளம் வையுங்கள். சிந்திய கூலன்டை உடனே துடையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ குழந்தையோ கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும், உயிரே போகலாம்.

இனி சோதனை. வண்டியை இருபது நிமிடமாவது ரோட்டில் ஓட்டிவிட்டு வாருங்கள். பின் ஹீட்டருக்குப் போகும் குழாய் நீளமானது, அதற்குள் இருக்கும் கூலன்டும் அதிகம். அதனால் முன்பக்கம் சூடாகிச் சில நிமிடம் கழித்துத்தான் பின்பக்கம் சூடாகும். வெளியே மைனஸ் இருபது டிகிரி செல்சியஸ் என்றால் இன்னும் தாமதமாகும். பலர் ஐந்து நிமிடத்திலேயே கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வந்ததும் வெப்பநிலையை உச்சத்திலும் பின் ப்ளோயரை நடுத்தரத்திலும் வைத்து, பின் கோருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு ரப்பர் ஹோஸையும் பாருங்கள். எட்டவில்லை என்றால் வண்டிக்கு அடியில், கோருக்குப் பக்கத்தில் எங்கே ரப்பர் கிடைக்கிறதோ அங்கே. நன்றாக இருக்கும் ஹோஸ் கையை இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாத அளவு சுடும், அதனால் விரல் நுனியால் தொடுங்கள். பெல்ட், விசிறி பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளப்பான அலுமினியக் குழாயில் அது குறைத்துக் காட்டும். ரப்பரின் மேல் அளவெடுங்கள், அல்லது குழாயில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள்.

கிடைக்கும் விடை நான்கில் ஒன்றாக இருக்கும். இரண்டும் குளிர்ச்சி; ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி; இரண்டும் சூடு, ஆனால் காற்று குளிர்ச்சி; அல்லது நேரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறுகிறது. உங்கள் வண்டி எதில் இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

முன்பக்கமும் வெதுவெதுப்புதான் என்றால்

அப்படியானால் இது பெரும்பாலும் பின் ஹீட்டர் பிரச்சினை இல்லை. எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் டேங்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், ரேடியேட்டரில் மூடி இருக்கும் வண்டியானால் அதன் கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரி என்றால் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானபின் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 195 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 90 டிகிரி செல்சியஸ் தெர்மோஸ்டாட். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரவே வராது; டேஷ்போர்டின் வெப்பமுள் நெடுஞ்சாலையில் கீழே இறங்கும். அதை மாற்றிய பிறகு பின் ஹீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டு ஹோஸும் குளிர்ச்சி

சுடுநீர் பின்னால் வரவே இல்லை. அதிகம் காண்பது இதுதான். இதற்குள்ளேயே வரிசையாகப் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது, யாராவது பின்பக்கத்தைத் துண்டித்துவிட்டார்களா? உப்புத் தூவும் ஊர்களில் வண்டிக்கு அடியில் போகும் இரும்புக் குழாய், பின்சக்கரத்துக்குப் பக்கத்திலும் க்ளிப் பிடிக்கும் இடங்களிலும் துருப்பிடித்து ஓட்டையாகும். அதைச் சரிசெய்யச் செலவாகும் என்பதால், பானட்டுக்குள்ளேயே குழாயை வெட்டி மூடிவிடுவது பரவலான பழக்கம். வண்டியை விற்பவர் இதைச் சொல்வதில்லை, சில சமயம் அவருக்கே தெரியாது. டீ ஜாயின்ட் இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்குழாய் இருக்கிறதா, அல்லது பின்பக்கக் கிளைகள் இரண்டையும் ஒரு சின்ன வளைந்த ஹோஸால் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இந்த வளைந்த ஹோஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டீயிலிருந்து டீக்கு நேராக ஒரு குறுக்குவழி போட்டுவிட்டால், கூலன்டுக்கு அதுதான் சுலபமான பாதை; முன் கோருக்குள் நுழைந்து நெளிந்து வர வேண்டிய நீரில் பெரும்பங்கு அந்தக் குறுக்குவழியிலேயே திரும்பிவிடும். பின் ஹீட்டரை நிறுத்தியதும் முன் ஹீட்டரும் மந்தமாகிவிட்டது என்று சொல்பவர்களின் வண்டியில் இது அடிக்கடி இருக்கும். பின்பக்கத்தை நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டீயையே எடுத்துவிட்டு நேரான உலோக இணைப்பு வையுங்கள். ரப்பர் தொப்பி போட்டு மூடுவதும் வேண்டாம். சூட்டிலும் அழுத்தத்திலும் அது ஒருநாள் வெடிக்கும், அது நடக்கும் இடம் நெடுஞ்சாலையாக இருக்கும்.

இரண்டாவது, வால்வு. பின் கிளையில் எங்கோ ஒரு நிறுத்து வால்வு இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வகை காணலாம். ஒன்று வெறும் கைத்திருகு வால்வு, கோடையில் பின்சுவர் சூடாகாமல் இருக்க யாரோ மூடி வைத்து மறந்தது. அதைத் திறந்தால் வேலை முடிந்தது. இன்னொன்று கம்பி இழுக்கும் வால்வு; கம்பி உறையிலிருந்து நழுவியிருக்கும், குமிழ் திரும்பும், வால்வு திரும்பாது. மூன்றாவது வேக்யூமால், அதாவது எஞ்சின் உறிஞ்சும் விசையால் இயங்குவது. ஒரு சின்ன வட்டமான டப்பா, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று. சில வண்டிகளில் வேக்யூம் வந்தால் வால்வு மூடும், சிலவற்றில் வந்தால் திறக்கும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, எஞ்சின் ஓடும்போது ஒருவர் கன்ட்ரோலைக் குளிரிலிருந்து சூட்டுக்கு மாற்றட்டும். நீங்கள் வால்வின் லீவர் அசைகிறதா, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அசையவே இல்லை என்றால் மெல்லிய குழாயைக் கழற்றி விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். உறிஞ்சுகிறது, லீவர் அசையவில்லை என்றால் வால்வுதான் பழுது. உறிஞ்சவே இல்லை என்றால் குழாய் எங்கோ வெடித்திருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலும் எஞ்சினின் மேலே சூடுபடும் இடத்திலும் முதலில் தேடுங்கள்.

வால்வு பழுது என்று சந்தேகம் இருந்தால் உறுதிப்படுத்த ஒரு மலிவான வழி உண்டு. எஞ்சின் ஆறியபின் வால்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர் இணைப்பு ஒன்றை வைத்து, கூலன்டை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். சூடு வந்தால் புது வால்வு வாங்குங்கள். குளிர்காலம் முழுக்க வால்வே இல்லாமல் ஓட்டினாலும் கெடுதல் இல்லை. கோடையில் ஏசி கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். புது வால்வில் அம்புக்குறி இருந்தால் கூலன்ட் ஓடும் திசையில் வையுங்கள்.

மூன்றாவது, காற்றுப் பூட்டு. சமீபத்தில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று எதையாவது மாற்றியபிறகுதான் பின்பக்கம் குளிர்ந்தது என்றால் மேலே சொன்னதை எல்லாம் விட்டுவிட்டு இதற்கே வாருங்கள். பின் குழாய்கள் வண்டிக்கு அடியில் தாழ்வாகப் போய், கோரில் மேலே ஏறுகின்றன. காற்று போய் உட்கார அதைவிட வசதியான இடம் கிடையாது. சாதாரணமாக மூடியைத் திறந்து ஊற்றுவதால் மட்டும் அந்தக் காற்று வெளியே வராது.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவான டிரைவ்வேயில் நிறுத்துங்கள். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கசியாமல் உட்காரும் பெரிய புனலை வையுங்கள். முன் பின் இரண்டு ஹீட்டரையும் உச்சச் சூட்டில், ப்ளோயரைக் குறைவில் வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, புனலில் எப்போதும் கூலன்ட் நிற்கும்படி ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென இறங்கும். பிறகு ஆக்சிலரேட்டரை 2000 ஆர்பிஎம் அளவில் சில நிமிடம் பிடித்தால் குமிழிகள் வரும். பின் கிளை பிடிவாதம் பிடித்தால் இன்னொரு வழி: ஆறிய எஞ்சினில், பானட்டுக்குள் பின்பக்கத்திலிருந்து திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி, அதன் வழியாகவே கூலன்டைப் புனலில் மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ் மாட்டியிருந்த மூக்கிலிருந்து குமிழியின்றிக் கூலன்ட் வெளிவரும்வரை ஊற்றிவிட்டு ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள். நீளமான பின் கிளைக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி. காற்றழுத்தக் கம்ப்ரசர் உள்ளவர்கள் வேக்யூம் நிரப்பி ஒன்றை வாங்கினால் இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். அது முதலில் காற்றை முழுதும் உறிஞ்சிவிட்டுப் பிறகு கூலன்டை இழுக்கும்.

ஒன்று சுடுகிறது, ஒன்று குளிர்கிறது

சுடுநீர் கோரின் வாசல்வரை வருகிறது, உள்ளே போக முடியவில்லை. நல்ல ஓட்டம் இருந்தால் திரும்பும் ஹோஸ் நுழையும் ஹோஸைவிடக் கொஞ்சம்தான் ஆறியிருக்கும். பெரிய வித்தியாசம் என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது அங்கே காற்று நிற்கிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பின் ப்ளோயரை மிகக் குறைவான வேகத்தில் வைத்தால் காற்று ஓரளவு சூடாக வருகிறது, உச்ச வேகத்தில் வைத்ததும் ஒரு நிமிடத்தில் குளிர்ந்துவிடுகிறது என்றால் ஓட்டம் குறைவு என்றே பொருள். கோரில் இருக்கும் சூட்டைக் காற்று எடுத்துக்கொள்ளும் வேகத்துக்குப் புதுச் சுடுநீர் வந்து சேரவில்லை.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பழைய கூலன்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1996 மாடல்களிலிருந்து டெக்ஸ்கூல் என்ற ஆரஞ்சு நிறக் கூலன்டுக்கு மாறியது. மட்டம் குறைந்து காற்றுப் பட்டபடி அதை ஆண்டுக்கணக்கில் விட்டால் பழுப்புச் சேறாகிறது. பச்சைக் கூலன்டோடு கலந்து வைத்தாலும் நல்லதல்ல. இன்னொரு காரணம், ஓட்டை அடைக்கும் பொடியும் திரவமும். ரேடியேட்டர் கசிவை அடைக்கப் போட்டது, ஓட்டம் மெதுவாக இருக்கும் பின் கோரின் மெல்லிய குழாய்களில் முதலில் போய் உட்காரும். பின் ஹீட்டர் உள்ள வண்டியில் அதை ஊற்றவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கோரைக் கழுவ, எஞ்சின் ஆறியபின் கோருக்குப் பக்கத்திலேயே இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். பானட்டிலிருந்து கழுவினால் அடியில் போகும் நீளக் குழாயின் சேற்றையும் கோருக்குள் தள்ளுவீர்கள். பழைய ஹோஸை முறுக்கி இழுத்தால் கோரின் மூக்கு ஒடியும். நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவது பாதுகாப்பு. திரும்பும் பக்கத்தில் தோட்டக் குழாயைக் கொடுத்து, நுழையும் பக்கத்தை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் மூலம் வாளிக்குள் விடுங்கள். வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழுவினால்தான் வாசலில் நிற்கும் கசடு வெளியே வரும். குழாயை முழுதாகத் திறக்காதீர்கள். வீட்டுக் குழாயில் 40-லிருந்து 80 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும். கூலிங் சிஸ்டமோ 16 பிஎஸ்ஐ அளவு மூடியோடு வாழ்ந்து பழகியது. பழைய கோர் தையலில் பிளந்துவிடும். மெதுவான நீரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். நீர் தெளிந்து, இரண்டு திசையிலும் தடையின்றி ஓடினால் போதும். அலுமினியக் கோரில் கடும் அமிலங்கள் வேண்டாம்.

கழுவிய நீரை ஊதி வெளியேற்றுங்கள். உள்ளே தங்கும் நீர் கூலன்டை நீர்க்கச் செய்யும். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன். கழுவியபிறகும் ஓட்டம் வரவில்லை என்றால் கோரை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டும் சுடுகின்றன, காற்று மட்டும் குளிர்ச்சி

நல்ல செய்தி: கூலன்ட் பக்கம் எல்லாம் சரி. இனி அதைத் தொட வேண்டாம்.

காற்று எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏசியும் ஹீட்டரும் ஒரே பெட்டியில் இருக்கும் வண்டிகளில் சூடு கால் பக்கத்துக்கும் குளிர் கூரைக்கும் போகும்படி அமைத்திருப்பார்கள். பின்பக்க ஸ்விட்ச் கூரைக்கு வைத்திருந்தால் தலைக்கு மேல் குளிர்காற்று வரும். பல வண்டிகளில் டேஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோல் பின்பக்கத்துக்கு அனுமதி கொடுத்தால்தான் பின்னாலிருக்கும் குமிழுக்கு அதிகாரம்.

அது சரி என்றால் பெட்டிக்குள் இருக்கும் கதவு. காற்றைக் கோரின் வழியாக விடுவதா, தவிர்த்து விடுவதா என்று முடிவு செய்வது அதுதான். அதைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒடிந்தால் சுவருக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வரும். பின் குமிழைச் சூட்டிலிருந்து குளிருக்கு முழுதாகத் திருப்பி, காதை வைத்துக் கேளுங்கள். சத்தமும் இல்லை, காற்றின் வெப்பமும் மாறவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கதவின் அச்சைக் கையால் திருப்பினால் காற்று சூடாகிறதா? ஆகிறது என்றால் மோட்டார் மட்டும் மாற்றினால் போதும். அதுவரை கதவைச் சூட்டுப் பக்கத்திலேயே நிறுத்திக் கட்டிவைத்து ஓட்டலாம்.

அடுத்தது பலருக்குத் தோன்றாத ஒன்று. கண்ணாடிப் பனி நீக்கும் டிஃப்ராஸ்டைப் போட்டால் ஈரத்தை எடுக்க ஏசி கம்ப்ரசரும் ஓடத் தொடங்கும். பல வண்டிகளில் கம்ப்ரசர் ஓடும்போது பின் ஏசிக்கும் குளிர்வாயு போகும், பின்னால் தனியாக நிறுத்தும் வால்வு இருக்காது. பின் ப்ளோயர் ஊதும் காற்று முதலில் அந்தக் குளிர்ந்த சுருளைக் கடந்துதான் கோருக்கு வரும். கதவு கொஞ்சம் சரியாக மூடாவிட்டாலும் குளிர்காற்றுதான். டிஃப்ராஸ்டையும் ஏசியையும் நிறுத்திப் பார்த்துப் பின்பக்கம் சூடாகிறதா என்று சோதியுங்கள். உறைநிலைக்கு நெருங்கிய கடும் குளிரில் கம்ப்ரசர் தானாகவே ஓடாது என்பதால், இந்தக் கோளாறு மிதமான குளிர் நாளில் தெரிந்து, கடும் குளிரில் மறைந்து குழப்பும்.

கடைசியாகக் காற்றுக்குழாய். கோர் வாயிலில் சூடு, துளையில் குளிர்ச்சி என்றால் நடுவில் வழி பிரிந்திருக்கிறது. மின்சாரத்தில் படுக்கையாக மடியும் சோஃபாவுக்கு அடியில் போகும் வளைகுழாயை அந்தச் சட்டம் நசுக்கியோ இழுத்தோ விட்டிருக்கும். சூடு பலகைக்குப் பின்னால் வீணாகப் போகும். காற்றை உள்ளே இழுக்கும் ஜன்னலையும் பாருங்கள். அது தரையோரம் இருந்தால் பெட்டியோ பையோ அடைத்திருக்கும். பக்கத்துத் தரையில் ரப்பர் அடைப்பு விழுந்த துளை இருந்தால் ப்ளோயர் வெளிக்காற்றை இழுத்து ஊதிக்கொண்டிருக்கும். கம்பளத் தூசியும் நாய் முடியும் கோரின் முகத்தில் படிந்திருந்தால் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

நின்றால் குளிர்ச்சி, ஓடினால் சூடு; அல்லது நேர்மாறாக

சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்து, கிளம்பினால் சூடாகிறது என்றால் கூலன்ட் மட்டம் குறைவு, இல்லாவிட்டால் காற்றுப் பூட்டு. இரண்டும் இல்லை என்றால் வாட்டர் பம்பின் இறக்கை தேய்ந்திருக்கிறது. ஐடிலில் பின் கோர் வரை தள்ளப் பம்புக்கு வலு இல்லை. பின் கிளை மட்டும் மிக நீளமாக இருக்கும் வண்டியில், பம்ப் நன்றாக இருந்தும் ஐடிலில் சூடு மந்தமாக இருந்தால் பின் கிளையில் 12 வோல்ட் துணைப் பம்ப் ஒன்றைச் சேர்க்கலாம். பள்ளிப் பேருந்துகளில் பின் ஹீட்டருக்கு இதுபோன்ற பம்புகள் வழக்கமானவை.

நின்றால் சூடு, நெடுஞ்சாலையில் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். முன்பக்கம் மட்டும் நன்றாகச் சுடுகிறது என்றால் அடியில் போகும் குழாய்க்கு உறை இல்லை. எதிர்க்காற்று சூட்டைத் தின்றுவிடுகிறது. எஞ்சின் சூட்டைத் தாங்கும் நுரை உறையை வாங்கிக் குழாய் முழுதும் சுற்றுங்கள், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

கடும் குளிர் நாளில் மட்டும்

மற்ற நாளில் வேலை செய்கிறது, மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் பின்பக்கம் செத்துவிடுகிறது. இதைச் சாதாரணமாக விடாதீர்கள். கூலன்டில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றி நிரப்பிய வண்டியில் அந்த அளவு மேலே ஏறிவிடும். முதலில் கூழாவது வண்டிக்கு அடியில் எந்த மறைப்பும் இல்லாமல் போகும் பின் குழாய்தான். கூழ் ஓட்டத்தை நிறுத்தும். கட்டியானால் குழாயையும் கோரையும் பிளக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்து உறைநிலையைப் பார்த்துவிட்டு, தேவையானால் கொஞ்சம் வடித்துவிட்டு நீர் கலக்காத ஆன்டிஃப்ரீஸ் சேருங்கள்.

காற்றே வரவில்லை, அல்லது ஒரே வேகத்தில்தான் வருகிறது

இது மின்சாரம். உச்ச வேகம் மட்டும் வேலை செய்தால், வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர் பழுது. எதிலும் சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிறகு மோட்டாரின் பூமி இணைப்பு. வண்டிக் கம்பெனியின் ஃப்யூஸ் பெட்டியோடு நிற்காமல், மாற்றியமைத்தவர்கள் வைத்த தனி ஃப்யூஸ் பலகையையும் தேடுங்கள். டிரைவர் பக்கத்துப் பலகைக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும்.

இனிப்பு வாசனை, ஈரக் கம்பளம், பின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்

கோர் உள்ளே கசிகிறது. பின் ஹீட்டரை நிறுத்துங்கள், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அந்தக் கம்பளத்திலிருந்து தள்ளி வையுங்கள், கம்பளத்தை எடுத்து நன்றாகக் கழுவுங்கள். புதுக் கோர் வரும்வரை மேலே சொன்னபடி நேர் இணைப்பு வைத்துப் பின் கிளையைத் துண்டித்துவிடலாம்.

உள்ளே ஈரம் இல்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது என்றால் அடியில் போகும் குழாயும் டீ ஜாயின்டும்தான். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் கழுத்தில் அழுத்தச் சோதனைப் பம்பை மாட்டி 15 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு, டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். துருப்பிடித்த குழாயில் ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு இடம் போனால் அடுத்தது பக்கத்திலேயே காத்திருக்கும். கடினமான குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு நல்ல ஹீட்டர் ஹோஸ் போடலாம். பெரும்பாலும் ஒன்று 19 மில்லிமீட்டர், ஒன்று 16 மில்லிமீட்டர் உள்விட்டம், ஆனாலும் அளந்துவிட்டு வாங்குங்கள். உராயும் இடத்தில் உறை, அரை மீட்டருக்கு ஒரு க்ளிப், சைலன்சரிலிருந்து நல்ல இடைவெளி. பிளாஸ்டிக் டீ ஜாயின்ட் தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தால், ஹோஸைக் கழற்றும் அன்றே பித்தளையோ அலுமினியமோ போட்டுவிடுங்கள்.

வேலை முடிந்தபின்

பின் கிளைக்கும் சேர்த்து நிரப்ப வேண்டும் என்பதால், பின் ஹீட்டர் இல்லாத அதே மாடல் வேனுக்கு மேனுவலில் போட்டிருக்கும் அளவு போதாது. காற்றை எடுத்துவிட்டு முதல் ஓட்டத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், கூடுதலாக ஒரு கேன் கூலன்ட் வண்டியில் இருக்கட்டும். திரும்பி வந்து இரவு ஆறவிட்டு, மறுநாள் காலை மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள், இறங்கியிருக்கும், ஊற்றுங்கள். அதற்கடுத்த காலையும் பாருங்கள். இரண்டாம் நாளும் இறங்கினால் அது காற்று வெளியேறுவதல்ல, க்ளாம்ப் ஒன்று கசிகிறது. நீங்கள் கழற்றி மாட்டிய ஒவ்வொரு க்ளாம்பையும் ஆறிய எஞ்சினில் ஒரு முறை இறுக்கிவிட்டு அடியில் அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள், சொட்டு எங்கே விழுகிறது என்று அது காட்டும்.